மேலமடைப் பலகை

— முழங்காலை எடும். உம்ம அய்யா மணிக்கட்டு ஒடிஞ்சிரும்.

— ஒடியட்டும்னுதான் அமுக்குதேன், ஆறுமுகத்தாயி. நீ தள்ளி நில்லு. இந்தக் கல்லால நாலு விரலையும் நசுக்கிட்டாப் போதும். அப்புறம் மடைப்பலகைய எப்படிப் பிடிக்காருன்னு பாத்துருவோம்.

— பெத்த தகப்பன் கைய நசுக்க வந்திருக்கீரே, நீரு மனுசனா?

— நான் நசுக்கலைன்னா பலவேசம் வெட்டிருவான். கதிரு வெளிய வாற நேரத்துல அவன் வயலு வெடிச்சுக் கெடக்கு. அருவாளத் தீட்டி வரப்புல வச்சுக்கிட்டு, ‘ஏலே முத்துமாலை, இன்னொரு தடவ மடை அடைச்சிருந்தா உங்கய்யன் கை தோள்ல இருக்காது’ன்னான். தோளோட போறதுக்கு விரலோட போகட்டும். கஞ்சிய நீ ஊட்டிவிடு.

— பலகையப் போடு. ஏலே, பலகையப் போடு.

— அந்தா, ஆரம்பிச்சிட்டாரு கெழவரு. பத்து நாளா விடிஞ்சா இதே பாட்டுத்தான். நான் தொறக்கேன், அவரு அடைக்காரு. தொழுவுல கட்டிப் போட்டேன், கயித்தக் கடிச்சு அறுத்துட்டு வாயெல்லாம் ரத்தமா வந்து நிக்காரு. தம்பிக்காரன் கண்டித் தோட்டத்துக்குக் கப்பலேறிட்டான், புண்ணியவான். இங்கன கெடந்து சாவுறவன் நானு.

— அவரு கன்னத்துல நீரு அறைஞ்சது இன்னும் வீங்கியிருக்கு, பாரும்.

— எந் தோளப் பாரு. அவரு மம்பட்டியால கொத்துனது. ஊருக்கெல்லாம் மடை தொறந்துவிட்டே நரைச்ச மனுசன், இப்ப அடைக்கதே தொழிலா நிக்காரு.

— அடைச்சிட்டு என்ன செய்யுதாருன்னு பாத்தீரா?

— என்ன செய்வாரு? என் உசுர வாங்குவாரு.

— கரைக்கு அந்தப்பக்கம் எறங்கி, தண்ணி வெளிய வாற மடைவாய்க்குள்ள தோள் முட்டக் கைய விட்டுத் துழாவுதாரு. அதுக்குள்ள நீரு வந்து இழுத்துப் போட்டு மிதிக்கீரு. என்ன தேடுதாருன்னு ஒரு வார்த்தை கேட்டீரா?

— புத்தி போனவருகிட்ட என்னத்தக் கேக்க?

— கல்லுக்கு என்ன அவசரம், அது ஓடியா போயிரும்? கீழ வச்சிட்டுக் கேளும். கேட்டுட்டு நசுக்கும், நான் தடுக்கலை.

— சரி, வச்சாச்சு. எய்யா, எந்திரியும். மடைக்குள்ள என்னத்தத் தேடுதீரு?

— நீ யாரு வே? சும்மா நிக்கியே, ஓடிப் போயிப் பலகையப் போடு. பையன் உள்ள போயிட்டான்.

— எந்தப் பையன்?

— எம் பையன் வே. வாய்க்கால்ல குளிச்சிக்கிட்டு நின்னான், மடை உறிஞ்சி இழுத்துட்டு. தண்ணிய அடைச்சாத்தான் அவன் மூச்சு விட முடியும். நான் அடைக்கேன், எவனோ ஒரு பாதகன் வந்து வந்து தொறக்கான். என்னைய அடிக்கான், கட்டிப் போடுதான். உள்ள பிள்ளை செத்துக்கிட்டிருக்கு வே.

— பையன் பேரு என்ன?

— முத்துமாலை. நாலு வயசு.

— ஏட்டி, ஆறுமுகத்தாயி, எனக்கு ஒண்ணுமே நெனவில்லையே.

— அவருக்கு இருக்குல்லா. பதில் சொல்லும்.

— எய்யா… பையன எடுத்தாச்சு.

— எடுத்தாச்சா? பைய, தலைகீழாப் பிடிங்கலே. உசுரு இருக்கா?

— இருக்கு. அழுதுக்கிட்டிருக்கான்.

— அப்ப ஏன் வே மரம் மாதிரி நிக்க? மடையத் தொறந்து விடு. ஊரு வயலு காயுதுல்லா.