வருது டாக்டர்

ஆபரேஷன் தியேட்டருக்குள் குளிர் அதிகம் என்பதால் பச்சை அங்கிக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்றும் போட்டிருந்தேன். குளிரில் கை நடுங்கித் தவறு நடந்தது என்று விசாரணை அறிக்கையில் யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன் சார்.

என் பெயர் ஷர்லி. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆடியாலஜிஸ்ட். காது கேளாத குழந்தைகளின் உள்காதில் மெல்லிய கம்பியை வைத்ததும், தையல் போடுவதற்கு முன்னால், அதில் மின்சாரம் அனுப்பிக் கேட்கும் நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பது என் வேலை. தந்தால் லேப்டாப்பில் அலை எழும். டாக்டர் ரகுநாத் திரையைப் பார்க்க மாட்டார். "வருதாம்மா?" என்பார். "வருது டாக்டர்" என்றால் தைத்துவிடுவார்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை "வரல" என்றேன். கம்பியை உருவி மறுபடி வைத்தார். கடைசியில் பார்த்தால், மின்சாரம் அனுப்பத் தலைக்கு வெளியே நான் வைக்கும் காந்தம் சரியாக ஒட்டவில்லை. எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

கார்முகில், நார்த்தாமலையிலிருந்து வந்த குழந்தை. அப்போது இரண்டரை வயது. காந்தத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. திரையில் கோடு படுத்தே கிடந்தது. டாக்டர் கேட்டார். அறுவை மேசையில் வராத அலை, சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் வந்திருக்கிறது. "வருது டாக்டர்" என்றேன். முந்தைய வாரம் வந்த குழந்தையின் அலையை அவன் பெயரில் சேமித்தேன்.

ஒரு மாதம் கழித்துக் காதுக்கு வெளியே மாட்டும் கருவியை இயக்கினோம். எந்தச் சத்தத்துக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பழக நாளாகும் என்று அவன் அம்மா அமுதவல்லியிடம் சொன்னேன். பேச்சுப் பயிற்சியில் கைச்சாடைக்கு இடம் கொடுக்க மாட்டோம். கருவி வழியாகக் காது கேட்கிற பிள்ளைகளுக்கான முறை அது.

சித்திரையில் ஒருநாள் ஃபோன் செய்தாள்.

"மேடம், கட்டவெரல வாய்ல வச்சு வச்சுக் காட்டுறான். தண்ணிக்குத்தான். காலைலேருந்து குடுக்கல. குடுத்துரட்டுங்களா?"

"வாயால கேக்கட்டும் அமுதவல்லி. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

"நாக்கு வறண்டு கெடக்கு மேடம்."

"இப்ப எரக்கப்பட்டீங்கன்னா பேச்சே வராது."

அவள் நல்ல தாய். நான் சொன்னதைச் செய்தாள். இரண்டரை வருஷம் செய்தாள்.

போன வாரம் திருச்சியில் எடுத்த ஸ்கேனில், கம்பி உள்காதுக்குள் போகவே இல்லை என்று தெரிந்தது. அன்று மேசையிலேயே நான் சொல்லியிருந்தால் எடுத்து மறுபடி வைத்திருப்பார். அரை மணி நேர வேலை. பேச்சு படியும் வயது அவனுக்குக் கடந்துகொண்டிருக்கிறது. தெரிந்தேதான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவன் இப்போது கையே அசைப்பதில்லை. தண்ணீர்கூடக் கேட்பதில்லை. கடைசியாக வந்த அன்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் ஃபைலில் 'நல்ல முன்னேற்றம்' என்று நான் எழுதியது பொய் இல்லை.