அங்காயி வச்ச சூப்பு

ரொம்ப முந்தி, ஜப்பான்காரன் இன்னும் வராத காலத்திலே, மலாயாவிலே சுங்கை தவார்னு ஆத்தோரமா ஒரு ஊரு. ஊருக்கு ஒரே சடக்கு, அதான் ரோடு. சடக்குக்கு இந்தப் பக்கம் சோத்துக்கடை, அந்தப் பக்கம் மீ கடை, சீனங்க நூடுல்ஸ் சூப்பு விக்கிற கடை. சோத்துக்கடை அங்காயிது, அவ புருசன் சடையன். மீ கடை மேய்லானோடது, அவ புருசன் ஆ சோங். இந்த அங்காயிதான் எங்கம்மாவைப் பெத்தவ. நான் பாத்ததில்லே. எங்கம்மா சொல்லிக் கேட்டதைச் சொல்றேன், கேட்டுக்குங்க.

அங்காயி கடையிலே, போதும் போதும்னு இலையைக் கையாலே மறைக்கிற வரைக்கும் சோறு விழுமாம். மேய்லான் கடையிலே ஒரு கிண்ணம்தான். ஆனா அந்த ஒரு கிண்ணம் குடிச்சவன் மறுநாளும் வந்து நிப்பானாம். அங்காயிக்கு வாய் ஓயாது. "ஏன்யா இளைச்சுப் போயிருக்கே, ரசம் ஊத்தவா?" மேய்லான் பேசவே மாட்டா. காய்ச்சல்காரன் வந்து உக்காந்தா, கேக்காமலே அவன் கிண்ணத்திலே இஞ்சி ரெண்டு துண்டு கூட விழும், அவ்வளவுதான். எது நல்ல கடைன்னு ரப்பர் தோட்டத்து ஆளுங்க அடிச்சுக்குவாங்களாம்.

இவளுக்கும் அவளுக்கும் ஆகாது. "பன்னிப் புகை என் சாமி படத்துலே படியுது!"ன்னு இவ கத்துவா. அவ, இவ தாளிக்கிற நெடி தாங்காம தும்மிக்கிட்டே கதவைச் சாத்துவா. ஒன்பது வருசம். பேச்சில்லே. ஆனா ஒருத்தி அடுப்பை ஒருத்தி பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க.

அப்புறம் வந்தான் ஜப்பான்காரன். வந்த மாசமே சீன ஆம்பளைங்களைத் திடல்லே உக்கார வச்சான். காட்டிக்குடுக்க வந்தவன் ஒருத்தனோட தலை, சாக்குப் போட்டு மூடினது, வரிசையைப் பாத்துப் பாத்து ஆடுச்சாம். ஆ சோங்குக்கு நேரா வந்தப்பவும் ஆடுச்சு. லாரியிலே ஏத்தினாங்க. லாரி திரும்பி வந்துச்சு, ஆளு வரலே.

அடுத்த வருசம் தமிழாளுங்களைப் பிடிச்சான், சயாமுக்கு ரயில் பாதை போட. சடையனும் போனான். எட்டு மாசம் கழிச்சு, அங்கேருந்து தப்பி வந்தவன் ஒருத்தன் சொன்னான்: "பேதியிலே போய்ட்டாரு அக்கா. ஒரே குழியிலே இருபது பேரு."

அங்காயி அடுப்பு மூட்டலே. ஒரு நாள் இல்லே, ரெண்டு நாள் இல்லே, மூணு நாள். மூணாம் நாள் மேய்லான் சடக்கைத் தாண்டி வந்தா. அத்தனை வருசத்திலே அன்னைக்குத்தான் வந்தாளாம். அடுப்பை மூட்டினா, மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி வச்சா. எங்கம்மாவுக்கு அப்ப நாலு வயசு, அவளுக்கு ஊட்டினா. எழுந்து போய்ட்டா.

அந்தச் சமயத்திலே, ஜப்பான்காரனை எதுத்த ஆளுங்க மலைக்காட்டுலே ஒளிஞ்சிருந்தாங்க. மேய்லான் அவங்களுக்குத் தூக்குச்சட்டியிலே சூப்பு அனுப்புவா. அங்காயிக்கு அது தெரியும். அவ்வளவு வாயாடி, இதை மட்டும் யாருகிட்டேயும் சொல்லலே.

ஒரு நாள் காலையிலே அந்தத் தூக்குச்சட்டி காட்டுப் பாதையிலே ஜப்பான்காரன்கிட்டே அம்பிட்டுக்கிச்சு, கொண்டு போனவன் போட்டுட்டு ஓடிட்டான். சூப்பு இன்னும் ஆறலே. ஜப்பான் அதிகாரி சடக்கு நடுவிலே நின்னான். பக்கத்திலே அவன் பேச்சைச் சொல்றதுக்கு ஒரு தமிழன்.

"யாரு சமைச்சது? சொல்லலேன்னா சடக்கு மொத்தமும் எரியும்!"

மேய்லானுக்குப் பின்னாலே மூணு பிள்ளைங்க. அவ பிள்ளைங்க கையை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வச்சா. அதுக்குள்ளே இந்தப் பக்கத்திலேருந்து சத்தம்.

"நான்தான் சமைச்சேன்."

அந்தத் தமிழன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னானாம்: "அக்கா, வாயை மூடிக்கிட்டு உள்ளே போ. இது சீனன் சாப்பாடு. உனக்கென்ன தெரியும்?"

"நான்தான்யா சமைச்சேன். அவன்கிட்டே சொல்லு."

அதிகாரி சிரிச்சான். "சமைச்சுக் காட்டச் சொல்லு."

அடுப்பை வாசலுக்குக் கொண்டு வந்தாங்க. அங்காயி உக்காந்தா. பன்னிக்கறி கிடைக்காத காலம், நெத்திலிக் கருவாடுதான். கழுவி, தலையைக் கிள்ளிப் போட்டா. இஞ்சியைத் தட்டினா. பூண்டைக் கருகக் கருகச் சுட்டா. பழக்கத்திலே கை மஞ்சப்பொடி டப்பாவுக்குப் போச்சாம். போன கை பாதியிலே நின்னுச்சு. திரும்பி வந்து உப்பை எடுத்துச்சு. எதுத்த பக்கம் மேய்லான் பிள்ளைங்களை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தா.

அதிகாரி தூக்குச்சட்டியிலே ஒரு கரண்டி குடிச்சான். இவ சட்டியிலே ஒரு கரண்டி. மறுபடி அது, மறுபடி இது. கரண்டியைக் கீழே வச்சான். தலையாட்டினான்.

அந்தத் தமிழன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அங்காயி எந்திரிச்சு, எங்கம்மா மூக்கைத் தொடைச்சுவிட்டா. "அந்த வீட்டுக்குப் போ ஆத்தா. அங்கே குடுக்கிறதைத் தின்னு. அடம் பிடிக்காதே." அதிகாரி, என்ன சொல்றான்னு கேட்டானாம். அந்தத் தமிழன், "பிள்ளையை அழாதேங்கிறா"ன்னு சொல்லிட்டானாம். லாரி கிளம்புச்சு. எங்கே கொண்டு போனாங்க, என்ன பண்ணினாங்க, இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

எங்கம்மா அந்த வீட்டிலே நாலாவது பிள்ளையா வளந்தா. மேய்லான் முதல் கரண்டி எப்பவும் அவளுக்குத்தான் ஊத்துவாளாம். ரசம் வைக்கக் கூடப் பழகினா. "ஆறு வருசம் அது ரசமாவே இல்லே"ம்பா எங்கம்மா. ஆனா பெத்தவளைப் பத்திப் பேசினா முகம் மாறிடும். "மூணு பிள்ளைக்காக ஒரு பிள்ளையை விட்டுட்டுப் போனா. எல்லாரும் தெய்வம்ங்கிறீங்க. அந்த ஒரு பிள்ளை நான்தானே?"ம்பா. கடைசி வரைக்கும் அவ கோவம் ஆறலே.

ரெண்டு கடையும் இன்னும் இருக்கு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் மேய்லான் பேரப்பிள்ளைங்க. வெளியூர்க்காரங்க சாப்பிட்டுட்டு, "நல்லா இருக்கே, யாரு சமைச்சது?"ம்பாங்க. இந்தச் சடக்கிலே அதுக்கு ஒரே பதில்தான். எந்தப் பக்கத்துக் கடையானாலும் சரி, இலை எடுக்கிறவங்க, மேசை துடைக்கிறவங்க, யாரைக் கேட்டாலும் "நான்தான்"னு சொல்லணும். கேக்கிறவங்க விளையாட்டுன்னு நெனைச்சுச் சிரிப்பாங்க. நாங்க யாரும் சிரிக்கிறதில்லே.