ஆளுக்கொரு டோக்கன்

கார் கழகத்தையே கவிழாமல் ஓட்டிவரும் தலைவர் அவர்களே! புகைக்கும் புழுதிக்கும் புறமுதுகு காட்டாத பெரியோர்களே! பின் இருக்கையில் அமர்ந்தபடியே வண்டியை நடத்தும் வல்லமை பெற்ற தாய்மார்களே! என் முகத்தைப் பார்க்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளரே, என் மாப்பிள்ளையே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் நின்றாலும், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால், ஓட்டுபவர் ஒருவரே தம் வண்டி முழுமைக்கும் பதில் சொல்வார். அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது என் தீர்மானம். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சென்ற மாதம் பழைய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே லிப்டில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுக்கிறார்கள். மேலே வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். கொக்கி காலியா? ஆள் கீழே இருக்கிறார். டோக்கன் தொங்குகிறதா? ஆள் வந்துவிட்டார். எத்தனை எளிய ஏற்பாடு! எத்தனை உயிர் காத்த ஏற்பாடு!

அதை நாங்கள் கெடுத்தோம்.

"மாமா, நீங்க எங்கயாவது போட்டுடுவீங்க. குடுங்க இப்படி," என்றார் மாப்பிள்ளை. கொடுத்தேன். அவருடைய தாயார், என் சம்பந்தியம்மாவும் கொடுத்தார்.

கீழே போனதும் சம்பந்தியம்மாவுக்கு மூச்சு இரைத்தது. பக்கக் குடைவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். துணைக்கு நான். கூட்டம் நகர்ந்தது. நாங்கள் லிப்டின் முதல் நடையிலேயே ஏறிவிட்டோம் என்று எண்ணிய மாப்பிள்ளை, மேலே போய் எல்லா டோக்கனையும் மாட்டிவிட்டார்.

விளக்கு அணைந்தது. காற்று அனுப்பும் விசிறி நின்றது. இருட்டு என்றால் எந்த இருட்டு? கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகிப்போன இருட்டு! கத்தினேன், என் குரலே சுவரில் மோதித் திரும்பியது.

"சம்பந்தி, உங்க மாப்பிள்ளை செஞ்ச வேலையப் பாத்தீங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"இப்ப என் மாப்பிள்ளையா? காலையில கார்ல வரும்போது 'என் புள்ள மாதிரி யாரு ஓட்டுவா'ன்னீங்களே!"

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் இழுப்பாயிற்று. மூச்சு மருந்தோ காரில்!

யாரது, பின்வரிசையில் சிரிப்பது? சிரியுங்கள் ஐயா. வெளிச்சத்தில் சிரிப்பது சுலபம். அங்கே ஒவ்வோர் இழுப்புக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன் நான்.

மேலே நடந்ததைப் பின்னர் அறிந்தேன். காரில் எங்களைக் காணாமல், ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்த மாப்பிள்ளை வாசலுக்கு ஓடியிருக்கிறார்.

"கீழ யாரும் இல்ல சார். பலகையப் பாருங்க, எல்லாம் மாட்டியிருக்கு," என்றாராம் காவலாளி அம்மா.

"நான்தாம்மா மாட்டினேன்! என் வண்டி ஆளுங்கன்னு எல்லாத்தையும் நானே மாட்டிட்டேன்!"

கழகமே சுற்றி நிற்க, செயலாளர் அதை உரக்கச் சொன்னார். அந்த அம்மா எங்கள் இரண்டு டோக்கன்களையும் கழற்றி அவர் கையில் வைத்து, லிப்டை இறக்கச் சொன்னார்.

விளக்கு வந்தது. மருந்தோடு மாப்பிள்ளை வந்தார். இரண்டு முறை இழுத்தார் சம்பந்தியம்மா. முகத்தில் உயிர் வந்தது. பிறகு கையை நீட்டினார்.

"தண்ணியாம்மா?"

"என் டோக்கனக் குடுடா."

மேலே வந்ததும், "நான் மாட்டறேம்மா" என்ற மகனின் கையைத் தட்டிவிட்டு, நடந்துபோய்த் தானே மாட்டினார். பலகை அப்போதுதான் உண்மை பேசியது!

அன்பு காரணமாகத்தான் வாங்கினார் மாப்பிள்ளை. அக்கறை காரணமாகத்தான் மாட்டினார். ஆனால் அன்பு நம் பெயரால் பதில் சொல்லிவிட்டால், நம்மைத் தேடுவது யார்? நாம் இருக்கும் இடத்தை நாமே சொல்ல வேண்டாமா? நம் வாயால் சொல்ல வேண்டாமா?

இதுவரை இங்கே வாக்கெடுப்பிலும் வண்டிக்கு ஒரு கைதான் உயர்ந்தது. இன்று என் தீர்மானத்துக்கு ஆளுக்கு ஒரு கை உயரட்டும்! ஐயா, பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்; அவரே தூக்குவார்.

அதோ, முதல் கை மேடையிலேயே! மாப்பிள்ளை, இறக்கிடாதீங்க, எண்ணட்டும்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும், தனித்தனியாக, நன்றி. வணக்கம்.