முதல் சண்டை

விளாத்திகுளம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்.

"எக்கா, நேத்து எங்க வீட்டுக்காரவியகிட்ட சண்டை போட்டுட்டேன்."

"இதுல என்னட்டி பெரும?"

"கல்யாணமாகி ஒம்பது வருசத்துல இதான் மொதச் சண்டை. மூணு வயசுல அம்மா செத்துட்டா. சித்தி வீடு, மாமா வீடுன்னு வளந்தேன். எதுத்துப் பேசுனா அடுத்த வீட்டுக்கு அனுப்பிருவாவ. அந்தப் பயத்துலயே இவியகிட்டயும் வாயத் தொறக்கல. நேத்து என்னையக் கேக்காம பருத்திக் காட்டக் குத்தகைக்குப் பேசிட்டு வந்தாவ. கத்திட்டேன்."

"அவிய?"

"அவியளும் கத்திட்டு வெளிய போயிட்டாவ. இனி இங்கன இருக்க விடமாட்டாவன்னு துணிய மூட்ட கட்டிட்டேன். திரும்பி வந்து பாத்தாவ. 'சண்டைன்னா வீட்ட விட்டுப் போயிரணுமா? உக்காரு, பேசுவோம்'ன்னாவ."

"நீ என்ன செஞ்ச?"

"உக்காந்து, மிச்சமிருந்ததையும் கத்தி முடிச்சேன்க்கா!"