ராஜாவின் தலை

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவனிடம் சத்தமாகச் சொன்னாள்:

"ராஜாவோட தலைய எடுத்தது நாந்தாங்க."

பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"நாம செய்யற கேம்ல அவரு எப்பவும் ஹெல்மெட்லதான இருக்காரு? வெளிய தெரியாத தலை கம்ப்யூட்டருக்கு எதுக்குத் தண்டச் சுமைன்னு அழிச்சுட்டேன்."

"இப்ப கல்யாண சீன்ல ஹெல்மெட்டக் கழட்டறாருங்க. உள்ள வெறும் ஓட்டை! சாயங்காலம் முதலாளிக்குக் காட்டோணும். பழைய தலையோட காப்பி இருக்குதுங்களா?" என்றான் அவன்.

"அதையும் சேத்துத்தான் அழிச்சேன்."

குரங்குக் குல்லா போட்ட கணவரோடு எதிர்சீட்டில் இருந்த அம்மா, மிளகு மூட்டையை நகர்த்திவிட்டுத் திரும்பினார்.

"இதுக்கா கண்ணு பயப்படறே? எங்க ஊட்டுக்காரரு குல்லாவக் கழட்டுனாலும் உள்ள ஒண்ணுமே இருக்காது. நான் குடும்பம் நடத்தல?"

கணவர் குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.