தூது போக மறுத்த மகள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ். எனக்கு முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"கவுன்சிலிங்ல நான்தாங்க ஃபெயிலு."

"பொண்ணுக்காகத்தானே போனீங்க?"

"ஆமா. நானும் சம்சாரமும் மூணு வருசமா பொண்ணு மூலமாத்தான் பேசிக்கிறோம். 'அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு', 'அம்மாவ மோட்டார நிறுத்தச் சொல்லு'ன்னு. இப்ப அவ யாருகிட்டயும் பேசறதில்ல."

"கவுன்சிலிங் மேடம் என்ன சொன்னாங்க?"

"சம்சாரத்த நேராப் பாத்துப் பேசுங்கன்னாங்க. நான், 'நீங்களே சம்சாரத்துகிட்ட சொல்லிடுங்க மேடம்'னேன்."

சொல்லிவிட்டு அவரே பலமாகச் சிரித்தார். பஸ் வடுவூரை நெருங்கியதும் எழுந்து நின்று கத்தினார்.

"கண்டக்டர், முன்னாடி பச்சைப் புடவைகிட்ட வடுவூர் வந்துருச்சுன்னு சொல்லுங்க!"

பச்சைப் புடவை திரும்பவில்லை.

"தெரியும்னு சொல்லுங்க கண்டக்டர்."

அவள் பக்கத்திலிருந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.