கழுத்தைத் தொடாதீர்கள் என்றவருக்கு

காயல்பட்டினத்தில் பிறந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் தூத்துக்குடியில் கழுத்தும் முதுகும் நொந்து வந்தோரைக் கனிவோடும் கண்டிப்போடும் நிமிர்த்திய, எங்கள் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு மூத்தவரான, இன்று பணி ஓய்வு பெறும் மதிப்புக்குரிய மூஸா நெய்னா அவர்களே,

தங்கள் கைபட்டுத் தேறியவர்கள் ஆயிரம் பேர் இருக்க, ஒருவர் கதை போதும் என்று முடிவு செய்தோம். அவர் நம் பதிவு மேசை ஜெயபாய். எழுதும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்தோம். தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூசி, வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதித் தந்திருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சாயர்புரத்துக் கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது, கொண்டையில் வைத்த மல்லிகை நசுங்குகிறது என்றார் ஜெயபாய். கணவர் ஜெபசீலன் அவர் இருக்கையில் தலை சாயும் ஹெட்ரெஸ்டைப் பிடுங்கிப் பின்சீட்டில் போட்டார். “ஒம் பூவுக்காண்டி இனி காரையே மாத்தணும் போல” என்று சிரித்தார். துறைமுகச் சாலையில், கண்டெய்னர் வண்டிகளின் வரிசைக்குப் பின்னால் நின்ற அந்தக் காரை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. காரின் வலப்பக்கம் முன்னால் நின்ற டிரெய்லருக்கு அடியில் புகுந்தது. ஜெபசீலன் அங்கேயே இறந்தார். ஜெயபாய் தன் காலால் இறங்கி நடந்தார். அப்போது கழுத்தில் வலியே இல்லை.

மறுநாள் தலையைத் தலையணையிலிருந்து எடுக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அடக்கம். நம் பக்கத்துத் துக்க வீடுகளில் வருகிற பெண்கள், இழந்தவளின் கழுத்தைக் கட்டி, தலையோடு தலை சேர்த்து ஆடி ஆடித்தான் அழுவார்கள். ஒவ்வொரு கை விழும்போதும் ஜெயபாய்க்குக் கண் இருட்டியது. துக்கத்தில் துடிக்கிறாள் என்று இன்னும் இறுக்கினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த தாங்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுகொண்டீர்கள். “யாரும் அவங்க கழுத்தைத் தொடாதீங்க. அழணும்னா கையைப் புடிச்சிட்டு அழுங்க” என்றீர்கள்.

ஜெபசீலனின் அத்தை கிரேசிக்குக் கோபம். “எங்க வீட்டுத் துக்கத்துல எப்படி அழணும்னு இவரு சொல்லுதாரு. எண்ணெயைப் போட்டு ஒரு திருப்புத் திருப்புனா சுளுக்கு விட்டுட்டுப் போவுது.”

“என்னைய நல்லா ஏசுங்கக்கா. திருப்பிராதீங்க. திருப்புனா இன்னொரு அடக்கம் பாக்க வேண்டி வரும்.”

அந்தச் சொல் அத்தையை நிறுத்தியது. ஜெயபாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலையே ஸ்கேன் எடுக்க வைத்தீர்கள். முறிவு இல்லை, தலை வெடுக்கென்று ஆடியதில் கழுத்து இழுபட்ட விப்லாஷ் என்றார் டாக்டர். வலிக்கு மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்ல அசைக்கச் சொன்னார். ஜெயபாய் அசைக்கவில்லை. கணவனைக் கொண்டுபோன இடி தன் கழுத்தில் பாதி மிச்சம் இருக்கிறது, திருப்பினால் அது தன்னையும் முடித்துவிடும், பத்து வயது ஜெனிலாவுக்கு யாருமில்லாமல் போகும் என்று நம்பினார். மருந்துக் கடையில் கழுத்துப்பட்டை வாங்கி மாட்டினார். ஐந்து வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார். தும்மலைக்கூட அடக்கினார்.

ஆறாவது வாரம், மகளோடு தங்கள் அறைக்கு வந்தவரிடம் காரணம் கேட்டீர்கள். சொன்னார்.

“இன்னொரு அடக்கம்னு சொன்னது அத்தையை நிறுத்தத்தாம்மா. உங்க காதுல விழும்னு நெனைக்கலை. தப்பு எம்மேல” என்றீர்கள். பிறகு நிதானமாக விளக்கினீர்கள். “பின்னால இடிச்சா சீட்டு உடம்பை முன்னால தள்ளும், தலை மட்டும் பின்தங்கும். அப்புறம் அது முன்னால வந்து விழும். நடுவுல தசையும் நாரும் இழுபடும். உங்க எலும்பு நல்லா இருக்கு. வலிக்கும், ஒடியாது. கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கால் தள்ளாடினாலோ அந்த நிமிசமே ஓடி வாங்க. மத்தபடி, அசைக்க அசைக்கத்தான் கழுத்து இளகும்.”

பட்டையைக் கழற்றினீர்கள். ஜெனிலாவை இடப்பக்கம் நிறுத்தி, அம்மாவைக் கூப்பிடச் சொன்னீர்கள். ஜெயபாய் உடம்போடு திரும்பினார். “உடம்பு வேண்டாம், தலை மட்டும்.” பிள்ளை மறுபடி கூப்பிட்டாள். வியர்த்து வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, மகளின் காது தெரியும் அளவுக்குத் திரும்பினார். வலித்தது. ஒடியவில்லை.

அதன்பின் நம் வளாகத்தில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் தாங்கள் தலையை நுழைத்துப் பார்த்ததை நாங்கள் கேலி பேசினோம். ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக வேண்டும், பின்னந்தலைக்கு நெருக்கமாக வேண்டும் என்று பெரிய டாக்டரையே இறக்கிவிட்டு ஏற்றிய துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

ஐயா, எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. துறைமுகச் சாலையில் லாரிகள் குறையப் போவதில்லை. கழுத்தைப் பிடித்தபடி வருகிறவரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நாளை முதல் நாங்களே முடிவு செய்ய வேண்டும். தாங்கள் நோயின்றி, துணைவியார் நூர்ஜஹான் அவர்களோடும் பிள்ளைகளோடும் நெடுநாள் நிறைந்திருக்க வேண்டுகிறோம். நாங்கள் அழைக்கும்போது தொலைபேசியை எடுக்கவும் வேண்டுகிறோம்.

நேற்றும் தாங்கள் டேப்பை எடுத்து ஜெயபாயை அளந்தீர்கள். வலப்பக்கம் திரும்பினால் தாடைக்கும் தோளுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர். இடப்பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பாமல் பதின்மூன்று. ஒன்றரை ஆண்டாக அது பதின்மூன்றுதான்.

தங்கள் அன்புக்குரிய
பிசியோதெரபி பிரிவுப் பணியாளர்கள்,
தூத்துக்குடி